நெறி கட்டுவது ஏன்? நிணநீரைப் படம் பிடித்த கதை

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். விரலில் நகச்சுற்று வந்தால் கக்கத்தில் நெறி கட்டும். இது நம் ஊர்ப் பாட்டிகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புண் ஒரு இடத்தில், வீக்கம் இன்னொரு இடத்தில். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு வாய்க்கால் ஓடுகிறது என்று பள்ளிக்கூடம் போகாதவர்களும் அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அந்த வாய்க்காலைக் கண்ணால் பார்க்க டாக்டர்கள் பட்ட பாட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆனால் உங்கள் வீட்டில் அம்மாவுக்கோ, அக்காவுக்கோ, மாமியாருக்கோ மார்பகப் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து, சில வருஷம் கழித்து அதே மார்பில் மறுபடி கட்டி தட்டுப்படுகிறது என்றால் தயவுசெய்து கடைசி வரை படித்துவிடுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. அந்தமானில் குடிநீர், வடிகால் வேலை பார்க்கும் என்ஜினியர். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் என்னைப் போலப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பெரிய வியாதி என்றால் முதலில் ஜி.பி.பந்த் ஆஸ்பத்திரி. அதற்கு மேல் சிறப்புச் சிகிச்சை வேண்டுமென்றால் பெரும்பாலானவர்களுக்குச் சென்னைதான். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்; கப்பலில் இரண்டரை, மூன்று நாள். இந்த தூரம் இந்தக் கதையில் முக்கியம். கடைசியில் அதற்கு வருகிறேன்.

முதலில் நானூறு வருஷம் பின்னால் போவோம்.

1622-ல் இத்தாலியின் மிலான் நகரத்தில் காஸ்பாரோ அசெல்லி என்ற சர்ஜன், அப்போதுதான் தின்று முடித்திருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்து பார்த்தார். குடலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நூல்கள். நரம்பு என்று நினைத்து ஒன்றை வெட்டினார். உள்ளே இருந்து பால் போல ஒரு திரவம் வந்தது. ரத்தக்குழாய் அல்லாத இன்னொரு குழாய் அமைப்பு உடம்பில் இருக்கிறது என்று ஐரோப்பிய மருத்துவம் தெளிவாகப் பார்த்தது அன்றுதான். முப்பது வருஷம் கழித்து ஸ்வீடனில் ருட்பெக்கும் டென்மார்க்கில் பார்த்தோலினும் இந்தக் குழாய்கள் உடம்பு முழுக்க ஓடுகின்றன என்று காட்டினார்கள். இதில் ஓடும் நீரைத்தான் நாம் நிணநீர் என்கிறோம்.

ஆனால் நாயின் குடலில் கொழுப்பு கலந்து வெள்ளையாகத் தெரிந்தது, மனித மார்பிலோ கையிலோ தெரியாது. நிணநீர் கிட்டத்தட்ட நிறமற்றது, குழாயும் மெல்லிசு. 1870-களில் பாரிஸில் சாப்பே என்ற உடற்கூறு நிபுணர், இறந்தவர்களின் உடலில் பாதரசத்தைச் செலுத்தி இந்தக் குழாய்களை வெள்ளிக் கம்பிபோல மின்னவைத்து வரைபடம் வரைந்தார். மார்பின் நிணநீர் முலைக்காம்பைச் சுற்றிய வலையில் சேர்ந்து, பெரும்பகுதி கக்கத்துக்குப் போகிறது என்பது அவர் படத்தில் தெரிந்தது. வடிகால் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் அந்தப் படத்தின் அச்சுப் பிரதியைப் பார்த்து அசந்துபோனேன். ஒரு ஊரின் கழிவுநீர் வரைபடம் மாதிரியே இருக்கும்.

இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு சர்ஜன்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். புற்றுநோய் மார்பில் தொடங்கி, வாய்க்கால் வழியே கக்கத்து முடிச்சுகளுக்குப் போய், பிறகுதான் உடம்பெங்கும் பரவுகிறது. அப்படியானால் வாய்க்காலோடு சேர்த்து மொத்தத்தையும் வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது அல்லவா? அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் செய்தது அதைத்தான். மார்பு, அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகள், கக்கத்து முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே கட்டாக எடுப்பது. 1894-ல் ஐம்பது நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். அடுத்த எழுபது, எண்பது வருஷம் உலகெங்கும் இதுதான் வழி.

அதற்கு விலை கொடுத்தது பெண்களின் கை. கக்கத்து முடிச்சுகளை எல்லாம் எடுத்துவிட்டால் கையிலிருந்து வரும் நிணநீர் போக வழியில்லாமல் தேங்கும். கை வீங்கும், கனக்கும், சின்னக் கீறலில்கூடச் சீழ் பிடிக்கும். 2013-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி கக்கத்தை முழுதாகச் சுத்தம் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது.

வடிகால் அடைபட்ட உடம்பு எப்படி இருக்கும் என்று இந்தத் தீவுக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நிக்கோபாரின் நான்கௌரி தீவுக்கூட்டம் யானைக்கால் நோய் நெடுங்காலமாக இருந்துவரும் இடம். அங்கே இருப்பது தனி ரகம். தமிழ்நாட்டில் யானைக்கால் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் கூட்டமாக உலவும். அதனால் ராத்திரியில்தான் ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். நான்கௌரியில் பகலிலும் உலவும். கடத்துவதும் பகலில் கடிக்கும் காட்டுக்கொசு. இந்தியாவில் இந்த வகை இங்கே மட்டும்தான். போர்ட் பிளேரில் 1983-ல் தொடங்கிய ஐ.சி.எம்.ஆர். வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையம் இதை வருஷக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவில்தான் 1964-ன் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களை ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அங்கே புழு அடைக்கும் அதே குழாயைத்தான் ஆபரேஷன் தியேட்டரில் கத்தி அடைக்கிறது. காரணம் வேறு, வீக்கம் ஒன்றுதான். ரப்பர் மரம் சீவும் ஒரு பெண்ணுக்கு வலது கை வீங்கினால் அன்றோடு வேலை போயிற்று.

அதனால் "எல்லாருக்கும் எல்லா முடிச்சையும் எடுக்கத்தான் வேண்டுமா?" என்ற கேள்வி சும்மா புத்தகக் கேள்வி இல்லை.

அந்தக் கேள்வியைத் தைரியமாகக் கேட்டவர் அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷர். 1971-ல் தொடங்கிய அவருடைய பரிசோதனையில், ஹால்ஸ்டெட் முறையில் எல்லாவற்றையும் எடுத்தவர்களும் அவ்வளவு எடுக்காதவர்களும் ஒரே அளவுதான் உயிர்வாழ்ந்தார்கள். 25 வருஷம் பின்தொடர்ந்து 2002-ல் வெளியிட்ட முடிவும் அதையே சொன்னது. அசெல்லியின் அதே மிலானில் உம்பெர்ட்டோ வெரோனேசி, 1973-லிருந்து 701 பெண்களை வைத்து, சிறிய கட்டிக்கு மார்பு முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை, கட்டி இருக்கும் பகுதியை எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்று நிரூபித்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மார்பைக் காப்பாற்ற முடிந்தது பெரிய வெற்றி. ஆனால் மார்பு இருப்பதால் சிலருக்கு அதே மார்பில் நோய் திரும்பவும் வரலாம். இன்று நாம் பேசும் சிக்கல் அந்த வெற்றிக்குப் பின்னால் வந்ததுதான்.

சரி, கக்கத்துக்கு வருவோம். எல்லா முடிச்சும் வேண்டாம் என்றால் எதை எடுப்பது? நம் ஊர் ஏரித் தண்ணீர் மடை திறந்தால் முதலில் ஒரு வயலுக்குத்தான் பாயும். அங்கே தண்ணீர் வரவில்லை என்றால் கடைமடைக்கும் வந்திருக்காது. நிணநீரும் அப்படித்தான். கட்டியிலிருந்து வரும் நீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அங்கே நோய் இல்லை என்றால் மற்றவற்றை விட்டுவிடலாம். டாக்டர்கள் இதை சென்டினல் நோட் என்கிறார்கள். நாம் காவல் முடிச்சு என்று வைத்துக்கொள்வோம்.

1977-ல் பராகுவே நாட்டு சர்ஜன் ரமோன் கபானாஸ் ஆண்குறிப் புற்றுநோயில் இந்த யோசனையை எழுதினார். 1992-ல் கலிஃபோர்னியாவில் டொனால்ட் மார்ட்டன், தோல் புற்றுநோயில் நீலச் சாயத்தைச் செலுத்தி, எந்த முடிச்சு நீலமாகிறது என்று பார்த்தார். 1993-ல் டேவிட் க்ராக் 22 மார்பகப் புற்றுநோயாளிகளுக்குச் சாயத்துக்குப் பதில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, கையடக்கக் கருவியால் தேடினார். 1994-ல் அர்மாண்டோ ஜூலியானோ நீலச் சாயத்தால் மார்பகத்தில் செய்து காட்டினார். அவருடைய 174 ஆபரேஷன்களில் 114-ல்தான் முடிச்சு அகப்பட்டது. கை பழகப் பழக இன்று முதல் முறை ஆபரேஷனில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அகப்படுகிறது. கை வீக்கமும் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு என்று குறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு விட்டுவைப்பதே அதிகமாயிற்று. 2011-ல் ஜூலியானோ குழு 891 பெண்களின் முடிவை வெளியிட்டது: மார்பைக் காத்து, கதிர்வீச்சும் மருந்தும் கொடுப்பவர்களுக்கு காவல் முடிச்சு ஒன்றிரண்டில் நோய் இருந்தாலும் மற்றவற்றை எடுக்கத் தேவையில்லை. 2023-ல் இத்தாலியிலிருந்து வந்த சவுண்ட் ஆய்வு, கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து அல்ட்ராசவுண்டில் கக்கம் சுத்தமாக இருந்தால் காவல் முடிச்சைக்கூட எடுக்காமல் விடலாம் என்றது.

நம் நாட்டுக் கதை வேறு திசையில் போயிற்று. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா அங்கே சேர்ந்தார். அங்கே வந்த பெண்களில் பெரும்பாலானோர் கட்டி முற்றிய பிறகு வந்தவர்கள். கக்கத்தில் முடிச்சு கைக்கே தட்டுப்படும். அப்படிப்பட்டவர்களுக்குக் காவல் முடிச்சு தேடுவதில் அர்த்தமில்லை. ஆபரேஷனுக்கு முன்பே மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கும் வழியில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் பல வருஷம் உழைத்தார்கள். பிறகு சீக்கிரமே வருகிறவர்கள் கூடியபோது காசுப் பிரச்சினை எழுந்தது. வெளிநாட்டுச் சாயம் விலை அதிகம், கிடைப்பதும் கஷ்டம். இந்திய சர்ஜன்கள் எல்லா ஆஸ்பத்திரியிலும் மலிவாகக் கிடைக்கும் மெத்திலீன் நீலத்தை எடுத்துக்கொண்டார்கள். டெல்லி எய்ம்ஸில் அதோடு, கண் டாக்டர்கள் பயன்படுத்தும் ஃப்ளூரசீன் சாயத்தையும் ஒரு நீல விளக்கையும் சேர்த்து முடிச்சைக் கண்டுபிடித்தார்கள். மும்பை டாடா மெமோரியலில் கக்கத்தின் கீழ்ப்பகுதி முடிச்சுகளை மட்டும் எடுக்கும் முறையை ஆராய்ந்து, கருவி இல்லாத ஊருக்கும் அது பொருந்தும் என்றார்கள். முதல் முறை ஆபரேஷனுக்கு இந்த மலிவான வழிகள் நன்றாகவே வேலை செய்கின்றன.

ஆனால் நோய் திரும்ப வந்தால்?

இங்கேதான் சாப்பே வரைந்த படம் செல்லாமல் போகிறது. மடையை அடைத்தால் தண்ணீர் சும்மா இருக்குமா? கரையோரமாகப் புது வழி பிடித்துக்கொண்டு போகும். முதல் ஆபரேஷனில் கக்கத்து முடிச்சுகளை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்த மார்பில் நிணநீர் அப்படித்தான் போகிறது. சிலருக்கு நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் உள்ளே இருக்கும் முடிச்சுகளுக்கு, சிலருக்குக் காறை எலும்புக்கு மேலே, சிலருக்கு மார்பைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கக் கக்கத்துக்கே போகிறது. இடது மார்பில் கட்டி; காவல் முடிச்சு வலது கக்கத்தில்!

இது அபூர்வமும் இல்லை. 2013-ல் நெதர்லாந்து டாக்டர்கள் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி, நோய் திரும்பிய 692 பெண்களின் விவரத்தைப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பேருக்கு இரண்டாம் முறையும் காவல் முடிச்சு அகப்பட்டது. நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நிணநீர் வழக்கமான வழியை விட்டு வேறு வழியில் போனது. முதல் ஆபரேஷனில் கக்கத்தை முழுதாகச் சுத்தம் செய்தவர்களுக்கு முடிச்சு அகப்படுவது குறைவு, வழி மாறுவது அதிகம்.

இதனால் என்ன? நீலச் சாயம் எங்கே வெட்டித் திறக்கிறோமோ அங்கே மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். இடது கக்கத்தைத் திறந்து பார்க்கும் சர்ஜனுக்கு வலது கக்கத்தில் நீலமாகியிருக்கும் முடிச்சு தெரியவே தெரியாது. இப்போது புழக்கத்தில் உள்ள பச்சை ஒளிரும் சாயமான ஐ.சி.ஜி.யும் தோலுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வெளியே காட்டும். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருப்பது தெரியாது. ஆகவே ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு பக்க மார்பையும் கழுத்தையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். அதுதான் லிம்ஃபோசிண்டிகிராஃபி. துளி டெக்னீசியத்தை மார்பில் ஊசியால் போட்டு, அது எங்கே போய்ச் சேருகிறது என்று காமா கேமராவில் பார்ப்பது. இத்தோடு சி.டி. படத்தையும் சேர்த்தால் எந்த ஆழத்தில் இருக்கிறது என்றும் தெரியும். முதல் முறை ஆபரேஷனில் பல இடங்களில் இந்தப் படத்தை எடுக்காமலே விடுகிறார்கள், பெரிய குறையில்லை. திரும்ப வந்த நோய்க்கு அப்படி விடக்கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

படம் இரண்டு தவறுகளைத் தடுக்கிறது. ஒன்று, "எதற்கும் இருக்கட்டும்" என்று பழைய கக்கத்தை மறுபடி கிளறி, இருக்கிற கையையும் வீங்கவைப்பது. இன்னொன்று, நோய் எதிர்ப்பக்கம் போயிருக்க, இங்கே சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புவது. எதிர்ப்பக்கக் கக்கத்தில் நோய் இருந்தால் நிலை குறிக்கும் விதிப்புத்தகம் இன்னமும் அதை உடம்பின் வேறு இடத்துக்குப் பரவியதாகவே கணக்கிடுகிறது. வழி மாறிய வாய்க்காலில் அடுத்த முடிச்சுக்குப் போனதுதானே, முழுச் சிகிச்சை கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று வாதாடும் டாக்டர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு பெண்ணிடம் "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்பதற்கும் "செய்து பார்க்கலாம்" என்பதற்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் இது.

இப்போது அந்த தூரத்துக்கு வருகிறேன். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். சென்னையில் கப்பலேற்றினால் 60 மணி நேரப் பயணத்தில் பத்து முறை பாதியாகி, ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் அதன் தாயான மாலிப்டினத்தை அனுப்புகிறார்கள். அதற்கு அரை ஆயுள் 66 மணி நேரம். ஆஸ்பத்திரியில் அதை வைத்துத் தினமும் டெக்னீசியத்தைப் பிரித்தெடுப்பதைப் 'பசுவைக் கறப்பது' என்றே அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். பசுவும் கேமராவும் இருக்கும் இடத்துக்கு நோயாளி போக வேண்டும். சாயம் எந்த ஊருக்கும் வரும், படம் வராது. தீவில் மட்டுமல்ல, நாட்டின் பல சிறு ஊர்களிலும் இதே நிலைதான்.

ஊரைவிட்டு எங்கெங்கோ இருக்கும் நம் குடும்பங்களுக்கு இன்னொரு சங்கடம். முதல் ஆபரேஷன் மதுரையில், கதிர்வீச்சு சென்னையில், இப்போது நோய் திரும்பியிருப்பது தெரிவது அந்தமானிலோ துபாயிலோ. வழி மாறியிருக்கும் என்று சர்ஜன் ஊகிக்கவே முதல் ஆபரேஷன் விவரம் வேண்டும். ஆகவே சில காரியங்கள்:

1. முதல் ஆபரேஷன் குறிப்பையும் பயாப்சி அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. எத்தனை முடிச்சு எடுத்தார்கள், காவல் முடிச்சு மட்டுமா முழுச் சுத்தமா என்பது அதில் இருக்கும்.

2. கதிர்வீச்சு எந்தெந்த இடத்துக்கு, எவ்வளவு என்ற தாளையும் வாங்குங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, பிள்ளைகள் இரண்டு பேரிடமாவது வைத்திருங்கள்.

3. நோய் திரும்பியது என்றால், உடம்பின் வேறு இடங்களில் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தபின், "இரண்டு பக்கக் கக்கமும் அல்ட்ராசவுண்டில் பார்த்தாயிற்றா? ஆபரேஷனுக்கு முன் லிம்ஃபோசிண்டிகிராஃபி எடுக்க முடியுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

4. டிக்கெட் போடுவதற்கு முன்பே, போகப்போகும் ஆஸ்பத்திரியில் நியூக்ளியர் மெடிசின் பிரிவு இருக்கிறதா என்று போனில் விசாரியுங்கள். போய் இறங்கிய பிறகு இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அலைவது பெரும்பாடு.

எல்லோருக்கும் இந்தப் படம் வேண்டும் என்று சொல்லவில்லை. கக்கத்தில் முடிச்சு ஏற்கெனவே வீங்கி, ஊசிப் பரிசோதனையில் நோய் என்று தெரிந்துவிட்டால் காவல் முடிச்சைத் தேட வேண்டியதில்லை. மூன்றில் ஒருவருக்குப் படம் எடுத்தும் முடிச்சு அகப்படாமல் போகலாம். இரண்டாம் முறை தேடுவதால் ஆயுள் கூடுகிறதா என்பதற்குப் பெரிய பரிசோதனைகளின் பதில் இன்னும் வரவில்லை. உங்கள் டாக்டர் காரணத்தோடு வேண்டாம் என்றால் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பீரோவில் எங்கேயோ மஞ்சள் பையில் அந்தப் பழைய தாள்கள் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். முடிச்சுகளின் எண்ணிக்கை அதில் இல்லை என்றால், திங்கட்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடுங்கள்.